பாட்டு சுத்தமாகக் கேட்ட அன்று

சவரம் செய்யும்போதும் அவர் அதைத்தான் முனகுவார், செருப்பைத் தேடும்போதும் அதைத்தான் முனகுவார். பல் வைத்தியரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தபோதுகூடத் தொண்டைக்குள்ளிருந்து அது வந்ததாக அந்த வைத்தியரே சொல்லியிருக்கிறார். டா-டிட்-டா, டிட்-டிட். நீளம், குட்டை, நீளம். ஒரு மூச்சு இடைவெளி. பிறகு இரண்டு குட்டை. இருபது வருஷமாக இந்த ஐந்து ஒலிகளைத் தவிர வேறு எந்தச் சங்கீதமும் அவர் வாயில் ஏறியதில்லை. குடியிருப்புப் பிள்ளைகள் அவருக்கு டாடிட்டா என்று பட்டம் கட்டினார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், அப்புறம் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவரும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

டாடிட்டாவுக்கு வேலை ஒரு பீக்கனைப் பார்த்துக்கொள்வது. பீக்கன் என்றதும் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். ஓர் உயரமான கம்பம், அதன் அடியில் ஒற்றை அறை, அறைக்குள் துணி அலமாரி உயரத்தில் ஒரு டிரான்ஸ்மிட்டர், சுற்றிலும் கம்பி வேலி, வேலிக்கு வெளியே ஆடு. அவ்வளவுதான். அந்தக் கம்பம் எந்நேரமும் நாலா பக்கமும் ரேடியோ அலையை அனுப்பிக்கொண்டிருக்கும். விமானத்தில் பைலட்டுக்கு முன்னால் ஒரு வட்டத்துக்குள் ஒரு முள் இருக்கிறது. அலை எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தை அது காட்டும். கீழே பஞ்சுமூட்டை மாதிரி மேகம் அடைத்துக்கொண்டு எதுவும் தெரியாவிட்டாலும், முள் காட்டுகிற பக்கமே வந்தால் கம்பத்தின் தலைக்கு மேல் வந்து சேரலாம். அங்கே முள் பட்டென்று பின்பக்கம் திரும்பிக்கொள்ளும். அதிலிருந்து இன்ன திசையில், இவ்வளவு உயரம் இறங்கினால் ரன்வே என்று பைலட்டின் மடியில் இருக்கும் வரைபடம் சொல்லும். மலைகளுக்கு நடுவே இருந்த அந்தச் சின்ன விமான நிலையத்துக்கு நாளுக்கு ஒரே ஒரு விமானம், பதினெட்டு இருக்கை. வருஷத்தில் பாதி நாள் மேகம். ஆகவே டாடிட்டா தன்னைக் கொஞ்சம் பெரிதாக நினைத்துக்கொண்டதில் தப்பு சொல்ல முடியாது.

ஆனால் முள்ளை மட்டும் நம்பக் கூடாது. முள்ளுக்குச் சொந்தப் புத்தி கிடையாது; பக்கத்தில் இடியும் மின்னலும் இருந்தால் அந்தப் பக்கமும் போய் நிற்கும். அதனால்தான் கம்பம் அலையோடு சேர்த்துத் தன் அடையாளத்தையும் மோர்ஸ் தந்திக் குறியில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் அந்த டா-டிட்-டா, டிட்-டிட். பைலட் அதைக் காதில் கேட்ட பிறகுதான் முள்ளை நம்பலாம். பீக்கனைப் பழுது பார்க்கிறவர் முதலில் செய்ய வேண்டிய காரியம் அந்த ஒலியை நிறுத்துவது. ஒலி நின்றால், முள் எங்கே காட்டினாலும், என்னை இப்போது நம்பாதே என்று கம்பம் சொல்வதாக அர்த்தம்.

இந்தச் சட்டத்தை ஆகாயத்தோடு நிறுத்தியிருந்தால் குடும்பம் பிழைத்திருக்கும். டாடிட்டா அதை வீட்டுக்கும் கொண்டுவந்தார். கதவைத் தட்டிவிட்டு "நான்தான்" என்று சொன்னால் திறக்க மாட்டார். வெளியூரில் படிக்கிற மகள் போன் செய்து "அப்பா" என்றால் போதாது, யார் பேசுவது என்று முதலில் சொல்லியாக வேண்டும். அப்பா என்று கூப்பிட உங்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று அவள் ஒருமுறை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். ராங் நம்பர்காரனும் அப்பா என்று கூப்பிடலாம் என்றார் இவர். அதற்கப்புறம் அவள் அம்மாவிடமே பேசிக்கொண்டாள்.

அம்மா என்றால் தையல்காரம்மா. குடியிருப்பில் முக்கால்வாசி சட்டைகளுக்குக் காலர் திருப்பி வைத்தவர் அவர். பீக்கன் அறையிலிருந்து அறுபது அடி எடுத்து வைத்தால் வீடு. முன்னறையில் தையல் மெஷின், மெஷின் பக்கத்தில் ஒரு பழைய ரேடியோ. அந்த ரேடியோதான் அந்த வீட்டின் தீராத வழக்கு. இவ்வளவு பக்கத்தில் கம்பத்தை வைத்துக்கொண்டு எந்த ஸ்டேஷனைத் திருப்பினாலும் பாட்டுக்கு அடியில் அந்த ஒலி கேட்கும். காதலி அழுதாலும் டா-டிட்-டா, காதலன் தேற்றினாலும் டிட்-டிட். ஒரு சின்ன கம்பிச் சுருளும் இரண்டு மூன்று சில்லறைப் பொருளும் வைத்து ஒரு டப்பாவைக் கட்டி மாட்டினால் அந்த ஒலியை வடிகட்டிவிடலாம். டாடிட்டாவுக்கு அரைமணி நேர வேலை. அடுத்த வாரம் செய்கிறேன் என்று சொன்னார். அந்த அடுத்த வாரம் இருபது வருஷமாக வந்துகொண்டேயிருந்தது.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை காலையும் வாராந்தரப் பராமரிப்பு. ஒன்பது மணிக்கு ஒலியை நிறுத்துவார், ஒலி நின்றால் அடிக்கிற எச்சரிக்கை மணியைத் தூங்க வைப்பார், அளக்க வேண்டியதை அளப்பார், துடைக்க வேண்டியதைத் துடைப்பார், ஒன்பது இருபதுக்கு எல்லாவற்றையும் பழையபடி எழுப்பிவிட்டு வீட்டுக்குப் போவார். போகும்போது மேஜையில் டீ தயாராக இருக்கும். நாக்கைச் சுடாத, ஆறியும் போகாத பதத்தில் இருக்கும். ஜன்னல் வழியாகத் தான் வருவதைப் பார்த்துத்தான் வைக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். சமையலறைக்கு ஒரே ஜன்னல்தான், அதுவும் பின்பக்கம் ஆடு மேயும் பக்கம் பார்த்தது. இருபது வருஷத்தில் இது அவருக்குத் தோன்றவேயில்லை.

அவருடைய பெருமை பழுதுப் பதிவேடு. எந்தக் கோளாறு வந்தாலும் அதில் எழுத வேண்டும்: தேதி, நேரம், பழுது, காரணம், கண்டுபிடித்தவர், கண்டுபிடித்த விதம். காரணம் பகுதியில் மின்னல் உண்டு, மின்வெட்டு உண்டு, காற்று உண்டு, எலி மூன்று தடவை உண்டு. பணியாளர் தவறு என்று எழுத நேர்ந்தால் சிவப்பு மையில் எழுத வேண்டும் என்பது விதி. இருபது வருஷத்தில் சிவப்பில் ஒரே ஒரு வரி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது மாற்றுக்கு வந்த ஒருவர், வேலை முடித்துவிட்டு ஒலியைத் திருப்பிப் போட நாலு நிமிஷம் மறந்துவிட்டார். அன்று வானத்தில் ஒரு காக்கையைத் தவிர எதுவும் பறக்கவில்லை. ஆனாலும் டாடிட்டா காய்ச்சலோடு எழுந்து வந்து சிவப்புப் பேனாவைத் திறந்தார். அந்த மனிதர் கெஞ்சிப் பார்த்தார். இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தப் பதிவேட்டுக்குத்தான் மரியாதை வரப்போகிறது என்று தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இருபது வருஷம் தன் கையால் ஒரு தவறும் செய்யாத பணியாளர் என்று ஒரு சான்றிதழ். கண்ணாடிச் சட்டம் போட்டு, ஓர் அதிகாரியே விமானத்தில் கொண்டுவந்து கையில் கொடுப்பார். கொடுக்கும் முன் அதிகாரி பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பார். அந்த நிமிஷம் வரைக்கும் என் தவறு எதுவும் இல்லை என்று இவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். டாடிட்டாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அன்றைக்கே முன்னறைச் சுவரில் தையல் மெஷினுக்கு மேலே ஓர் ஆணி அடித்தார். சான்றிதழ் வந்தபிறகு அடித்தால் போதாதா என்று தையல்காரம்மா கேட்டார். ஆணி முதலில் சுவரில் பழக வேண்டும் என்று என்னமோ ஒரு விளக்கம் சொன்னார்.

அதிகாரி வருவது செவ்வாய்க்கிழமை என்று ஆயிற்று. பராமரிப்பைப் புதன்கிழமைக்குத் தள்ளிவையுங்களேன் என்று தையல்காரம்மா சொல்லிப் பார்த்தார். தலைகீழாக நின்றாலும் நடக்காது என்றார் இவர். இருபது வருஷத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை தவறியதில்லை, சான்றிதழ் வாங்குகிற அன்றா தவறுவது?

அன்று காலை மேகம் கம்பத்தின் பாதி வரைக்கும் இறங்கி நின்றது. டாடிட்டா ஒன்பது மணிக்கு ஒலியை நிறுத்தினார், மணியைத் தூங்க வைத்தார். அளந்தார். துடைத்தார். அன்றைக்கு அதிகப்படியாகவே துடைத்தார். சுவிட்சுகள் இருந்த பலகையைப் பளபளவென்று தேய்த்து, அதன்மேல் துவைத்த வெள்ளைத் துணி ஒன்றை விரித்துப் பார்த்தார், நன்றாக இருந்தது. துணியின்மேல் ஒரு பூச்சாடியையும் வைத்தார், இன்னும் நன்றாக இருந்தது. வாய் பாட்டுக்கு அதிகாரி முன் பேச வேண்டிய நாலு வார்த்தையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. கவனம் என்பது என்ன என்று தொடங்குகிற பேச்சு அது.

பிறகு பட்டியலை எடுத்தார். பதினொரு வேலைகள், பதினொரு கட்டங்கள். முதல் எட்டில் டிக் போட்டார். ஒன்பதாவது, ஒலியைத் திருப்பிப் போடு. பத்தாவது, மணியை எழுப்பு. ஆயிரம் தடவை போட்ட டிக்கைக் கை தானாகவே போட்டது; சுவிட்சுகள் துணிக்கும் பூச்சாடிக்கும் அடியில் இருந்தன. பதினொன்றாவது, ஒரு நிமிஷம் உட்கார்ந்து ஸ்பீக்கரில் அடையாள ஒலியைக் கேள். உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். டா-டிட்-டா, டிட்-டிட் என்று தெளிவாக, இழுவையில்லாமல், சுருதி பிசகாமல் கேட்டது. மனுஷனுக்குத் திருப்தியாக இருந்தது. முனகியது அவருடைய வாயேதான் என்பது அவருக்கு உறைக்கவில்லை. கைபேசியைப் பூச்சாடிப் பக்கத்தில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

மேஜையில் டீ இல்லை. தையல்காரம்மா மெஷினில் குனிந்து அவருடைய புதுக் கோட்டுக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தார். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. இன்று அவளுக்கும் பரபரப்பு, போகட்டும் என்று பெரிய மனது பண்ணி டாடிட்டா குளித்தார், புதுக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டார், பனியனோடு கண்ணாடி முன் நின்று முகத்தில் நுரையைத் தடவினார். ஒத்திகை தொடர்ந்தது. கவனம் என்பது என்ன? இடது கன்னம் முடிந்தது.

அப்போது தலைக்கு மேல், மேகத்துக்கும் மேலே, விமானத்தின் சத்தம் வந்தது. நேரத்துக்கு வந்துவிட்டான் என்று மெச்சிக்கொண்டார். சத்தம் போயிற்று. இறங்குகிற சத்தம் அல்ல அது. சற்று நேரத்தில் மறுபடி வந்தது, மறுபடி போயிற்று. மூன்றாவது சுற்று வந்தபோது டாடிட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பைலட்டுக்கு முள்ளைப் பார்த்து இறங்கத் தெரியவில்லை, உள்ளே எங்கள் அதிகாரி வேறு இருக்கிறார், நல்ல லட்சணம் என்று கண்ணாடியிடம் சொன்னார். சொல்லிவிட்டு முன்னறைப் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இன்னிக்கு டீயே கிடையாதா?"

"நீங்க இன்னும் வேலை முடிக்கலையே."

"முடிச்சிட்டுத்தானே வந்து சவரம் பண்ணிட்டிருக்கேன்."

"எங்க முடிச்சீங்க? பாட்டு இன்னும் சுத்தமாத்தானே கேட்குது."

டாடிட்டா காதைத் தீட்டிக்கொண்டார். ரேடியோவில் ஒரு பெண் குரல் உருகி உருகிப் பாடியது. வயலின் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்டது. இருபது வருஷத்தில் அந்த வீட்டில் அவ்வளவு தெளிவாக யாரும் பாடியதில்லை. பாட்டுக்கு அடியில் டா-டிட்-டா இல்லை.

வலது கன்னத்தில் நுரையோடு, பனியனோடு, காலில் ஒன்றும் இல்லாமல் அவர் ஓடினார். ஆடுகள் ஒதுங்கி வழிவிட்டன. அறைக்குள் மேஜைமேல் போன் அடித்துக்கொண்டிருந்தது, பூச்சாடிப் பக்கத்தில் கைபேசியும் அடித்துக்கொண்டிருந்தது. அவர் இரண்டையும் விட்டுவிட்டுப் பூச்சாடியை ஒரு கையால் தூக்கித் துணியை மறுகையால் உருவினார். சுவிட்சுகள் இரண்டும் காலை ஒன்பது மணிக்கு அவர் வைத்தபடியே படுத்துக் கிடந்தன. ஒலியைப் போட்டார். மணியை எழுப்பினார். ஸ்பீக்கர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தது. மணி பத்து நாலு.

போனில், விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு டவரில் இருக்கும் டவர் மேடம். பதினைந்து நிமிஷமாக அடிக்கிறேன் சார் என்றார். பைலட் மேலே நாலு சுற்று சுற்றிவிட்டார், இன்னும் இரண்டு சுற்றுக்குத்தான் எண்ணெய் உண்டு, அதற்குள் ஒலி வராவிட்டால் வந்த ஊருக்கே திரும்பப்போவதாகச் சொல்லியிருக்கிறார். முள் உங்கள் கம்பத்தைச் சரியாகத்தான் காட்டிக்கொண்டிருந்ததாம். ஆனால் கம்பம் வாயைத் திறக்கவில்லை, அதனால் நம்பவில்லையாம்.

பைலட் செய்தது நூற்றுக்கு நூறு சரி. வேறு மாதிரி செய்திருந்தால் முதல் ஆளாகக் கையை ஓங்கியிருப்பவர் டாடிட்டாதான். சற்று முன்னால் அந்த ஆளை எவ்வளவு இளக்காரமாகப் பேசினோம் என்று நினைத்தபோது அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பதினொரு நிமிஷம் கழித்து விமானம் மேகத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கிய சத்தம் கேட்டது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார்; வாய் தானாக முனக ஆரம்பித்தது, காலையில் கேட்டது எது என்று அப்போதுதான் உறைத்தது.

பின்னாலேயே சட்டையும் கோட்டும் செருப்புமாகத் தையல்காரம்மா வந்தார். மாட்டிவிட்டார், நுரையைத் துடைத்துவிட்டார், மீதிப் பக்கத்தையும் வழித்துவிட்டு வாருங்கள் என்றார். இவர் அசையவில்லை. இந்த ஸ்பீக்கரை விட்டு ஓரடி நகர மாட்டேன் என்றார். அப்புறம்தான் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"செவ்வாக்கிழமை ஒம்போது மணிக்குச் சத்தம் நிக்கும், பாட்டு கேட்பேன். சத்தம் திரும்ப வந்ததும் அடுப்பைப் பத்த வெச்சா நீங்க வர்றதுக்கும் டீக்கும் சரியா இருக்கும். இன்னிக்கு சத்தம் வராமலே நீங்க வந்தீங்க. சட்டை மாத்திட்டு மறுபடி போவீங்கன்னு நெனச்சேன்."

"ஜன்னல்ல பார்த்து வைக்கிறேன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்."

"அந்த ஜன்னல்ல ஆடுதான் தெரியும்."

ஜீப் வந்துவிட்டது. டவர் மேடம் முதலில் இறங்கி விறுவிறுவென்று வந்தார். அதிகாரி இறங்கி, கம்பத்தின் உச்சி தெரிகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அந்த இடைவெளியில் மேடம் குரலைத் தாழ்த்தினார். "சார், என் டைரியில தாமதத்துக்குக் காரணம் மேகம்னு போட்டுட்டேன். பைலட்டும் ஒண்ணும் சொல்லலை. உங்க புத்தகத்துல ஏதாவது எழுதியே ஆகணும்னா எலின்னு எழுதிடுங்க. யாரு போய் எலியைக் கேட்கப்போறாங்க?"

நல்ல மனுஷி. டாடிட்டா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், சரி என்பது நாக்கின் நுனி வரைக்கும் வந்திருந்தது. இருபது வருஷம். சுவரில் ஆணி வேறு அடித்தாகிவிட்டது. அந்தக் கண்ணாடிச் சட்டத்தை அதிகாரி அக்குளில் இடுக்கிக்கொண்டு வருவது வாசல் வழியாகத் தெரிந்தது. எலியும் பாவம் மறுத்துப் பேசப்போவதில்லை.

அதிகாரி நல்லவிதமாகவே பேசினார். இன்று என்ன மேகம், மேலே சுற்றிச் சுற்றித் தலையே கிறுகிறுத்துவிட்டது என்றார். அறையைச் சுற்றி வந்து ஒவ்வொன்றையும் பார்த்தார். அவர் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் டாடிட்டா இடது கன்னத்தையே அவருக்குக் காட்டிக்கொண்டு முள் மாதிரி திரும்பித் திரும்பி நின்றார். டவர் மேடம் கூரையைப் பார்த்தார். தையல்காரம்மா தரையைப் பார்த்தார். பூச்சாடி அழகாக இருக்கிறது என்றார் அதிகாரி. அதைக் கேட்டு டாடிட்டாவுக்கு அந்தச் சாடியைத் தூக்கி வேலிக்கு வெளியே எறியலாம் போல இருந்தது.

பிறகு அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து, பதிவேட்டை இழுத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்து, பேனாவை நீட்டினார். இதில் இந்த நிமிஷம் வரை என்று ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்றார். கையெழுத்துப் போடக் குனிந்தால் இரண்டு கன்னமும் வெளிச்சத்துக்கு வந்துதானே ஆக வேண்டும். அதிகாரி பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணியமாக வேறு பக்கம் பார்த்தார். ஆனாலும் மனுஷனுக்கு அடக்க முடியவில்லை.

"ஏங்க, பாதியில தண்ணி நின்னுடுச்சா?"

பொய்யை வெள்ளித் தட்டில் வைத்து அவரே நீட்டிவிட்டார். தலையை ஆட்டினால் போதும். டாடிட்டா வாயைத் திறந்தார். யாரும் பேசாத அந்த இடைவெளியில் ஸ்பீக்கர் மட்டும் தன் ஐந்து ஒலியையும் சொல்லி முடித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

"இல்ல சார். நீங்க மேல சுத்தினது மேகத்தால இல்ல. என்னாலதான்."

சொல்லிவிட்ட பிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது. டவர் மேடம் கண்ணை மூடிக்கொண்டார். டாடிட்டா மேஜை இழுப்பறையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். பன்னிரண்டு வருஷமாகத் திறக்காத பேனா, உதறினாலும் எழுதவில்லை. அதிகாரி தன் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவைக் கொடுத்தார். டாடிட்டா நின்றபடியே எழுதினார். இருபது வருஷமாக அவர் எழுதிய எழுத்திலேயே அதுதான் கோணலான எழுத்து. எழுதி முடித்ததும் அதிகாரி புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, பள்ளிக்கூடத்தில் படிப்பது போல வாய்விட்டே படித்தார்.

"பழுது: பராமரிப்பு நேரம் முடிந்த பிறகும் நாற்பத்து நாலு நிமிடம் அடையாள ஒலி இல்லை. காரணம்: பணியாளர் தவறு; தன் வாயால் முனகியதைப் பீக்கன் என்று நினைத்துவிட்டார். கண்டுபிடித்தவர்: பணியாளரின் மனைவி. கண்டுபிடித்த விதம்:" அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "டீ வைக்கப்படவில்லை."

அதிகாரி அந்த வரியை மறுபடி ஒருமுறை மனதுக்குள் படித்தார். இது எப்படி என்று தையல்காரம்மாவைப் பார்த்தார். அவர் ரேடியோவைப் பற்றியும் பாட்டைப் பற்றியும் அடுப்பைப் பற்றியும் சுருக்கமாகச் சொன்னார். செவ்வாய் தவறாமல் இருபது வருஷமா என்று அதிகாரி கேட்டார். இவர் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு வாரம் மட்டும், சத்தம் திரும்ப வராததை இவரே முதலில் கவனித்து எழுந்து ஓடினார் என்றார் தையல்காரம்மா.

அதிகாரி எழுந்தார். கண்ணாடிச் சட்டத்தை எடுத்துத் திரும்பத் தன் பைக்குள் வைத்தார். விதி அப்படி, நான் என்ன செய்ய என்றார். பிறகு, நாலு சுற்று வானத்தில் வெறும் வயிற்றோடு சுற்றிய மனுஷர் அல்லவா, கொஞ்சம் தயங்கித் தையல்காரம்மாவிடம் கேட்டார்.

"அந்த டீ இப்போ கிடைக்குமாம்மா?"

"பீக்கன் பேசுதே சார். கிடைக்கும்."

அன்று சாயங்காலம் டாடிட்டா ஒரு போன் செய்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நாலு நிமிஷத்துக்காகச் சிவப்பு மை வாங்கிக்கொண்டவருக்கு. எடுத்தவுடன், தான் யார் என்பதை முறைப்படி சொன்னார். பிறகு நாற்பத்து நாலு நிமிஷத்தைப் பற்றிச் சொன்னார். மறுமுனையில் சிரிப்புச் சத்தம் வந்தது. அது நிற்கவே இல்லை. டாடிட்டா முழுதாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத்தான் போனை வைத்தார். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் பழைய கணக்கு ஒன்று தீர்ந்தாற்போலவும் இருந்தது.

மறுநாள் அவர் கம்பிச் சுருளும் டப்பாவும் பற்றவைக்கும் கோலுமாகத் தையல் மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரேடியோவின் முதுகைத் திறந்தார். இருபது வருஷத்து அடுத்த வாரம் ஒருவழியாக வந்துவிட்டது. தையல்காரம்மா மெஷினை நிறுத்தினார்.

"என்ன பண்றீங்க?"

"சத்தம் வராம பண்றேன். இனிமே பாட்டு சுத்தமாக் கேட்கும்."

"மூடுங்க அதை."

"நீதானே இருபது வருஷமாக் கேட்டுட்டிருந்தே."

"கேட்டேன். நேத்து அவ்வளவு நேரம் சுத்தமாக் கேட்டுச்சே, எனக்கு ஒரு பாட்டாவது ரசிச்சுதுன்னா நெனைக்கிறீங்க? எப்போ வரும், எப்போ வரும்னுதான் காதை வெச்சிட்டிருந்தேன். அதை எடுத்துட்டா டீயை நான் எதை வெச்சுப் போடறது?"

டாடிட்டா பற்றவைக்கும் கோலைக் கீழே வைத்தார். இத்தனை வருஷமும் தான் ஒற்றை ஆளாகக் கட்டிக் காத்ததாக நினைத்த கம்பத்தை, காலர் திருப்பிக்கொண்டே இன்னொருத்தியும் காத்திருக்கிறாள். அவளுக்குப் பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை, நேற்றைய சிவப்பு வரியைத் தவிர. அவர் ரேடியோவின் முதுகை மூடித் திருகாணிகளை முடுக்கினார். பாட்டுக்கு அடியில் டா-டிட்-டா கேட்டது.

இரண்டு வாரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மேற்படி பழுதைக் கண்டுபிடித்தவரின் பணி எண் பதிவேட்டில் குறிப்பிடப்படவில்லை, உடனே தெரிவிக்கவும். என்ன எழுதட்டும் என்று டாடிட்டா உள்ளே பார்த்துக் கேட்டார். ரெண்டாம் நம்பர்னு எழுதுங்க, ஒண்ணாம் நம்பர்தான் முனகிட்டிருக்காரே என்று பதில் வந்தது.

இப்போதும் செவ்வாய்க்கிழமை ஒன்பது இருபதுக்கு அவர் பதினொன்றாவது கட்டத்துக்கு வருகிறார். வாயில் ஒரு பென்சிலைக் குறுக்கே கடித்துக்கொள்கிறார். ஒரு நிமிஷம் ஸ்பீக்கரைக் கேட்கிறார். கேட்டுவிட்டும் டிக் போடுவதில்லை. பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு அறுபது அடி நடந்து வீட்டுக்கு வருகிறார். சுவரில் அடித்த ஆணியில் தையல்காரம்மாவின் இஞ்ச் டேப் தொங்குகிறது. மேஜையில் டீ இருக்கிறதா என்று பார்க்கிறார். இருந்தால் உட்கார்ந்து, பென்சிலை வாயிலிருந்து எடுத்து, டிக் போடுகிறார்.